முக்கண்ணனுக்கு வரன் பார்த்த கதை

எங்கள் வீட்டு ஹாலில் 12 ஹாலோ பிளாக் கற்களின் மேல் ஒருவர் எழுந்தருளியிருக்கிறார். எடை 74 கிலோ. முகத்தில் வரிசையாக மூன்று கண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். முதல் முறையாக வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு விநாடி தடுமாறுகிறார்கள். தண்ணி கேன் போடும் தம்பி ஒருநாள் நிஜமாகவே போட்டுக்கொண்டான்.

அவர் சாமி இல்லை. சிஆர்டி புரொஜெக்டர். பழைய டிவிக்குள் இருந்த பிக்சர் டியூபை நினைவிருக்கும். அதே ரகத்தில் ஏழு அங்குல முகத்தோடு மூன்று டியூப். ஒன்று படத்தின் சிவப்பை மட்டும் காட்டும், ஒன்று பச்சையை, ஒன்று நீலத்தை. மூன்றும் தனித்தனி லென்ஸ் வழியாகப் போய்த் திரையில் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் கலர் படம். உட்காராவிட்டால் கதாநாயகிக்கு மூன்று மூக்கு.

இவரை நான் முதலில் தரிசித்தது 1993இல். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸாக இருந்தேன். டிரெய்னிங் ஹால் கூரையில் தலைகீழாக இவருடைய உறவினர் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். அப்போது சாலிடேர், டயனோரா என்று மெட்ராஸிலேயே செய்த டிவிகள் வீட்டுக்கு வீடு இருந்தன. எங்கள் வீட்டில் இருந்தது 14 அங்குலக் கறுப்பு வெள்ளை. தலையில் ஒரு தட்டு தட்டினால்தான் செய்தி வாசிப்பவர் நேராக நிற்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போனவன் ஆறடி அகலத்தில் கலர் படத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? அன்று சொன்ன பாடம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முப்பது வருஷம் கழித்தும் ஏறாமல் இருந்தது அந்த ஒரு நாளின் விளைவு என்றுதான் என் மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் பெருங்களத்தூர் தாண்டி ஒரு காயலாங்கடையில் பழைய தண்ணீர் மோட்டாரைப் போடப் போனேன். மூலையில், ஃபிரிட்ஜ் கதவுகளுக்கும் ஒரு டென்டிஸ்ட் நாற்காலிக்கும் நடுவே, மூன்று கண்களும் என்னையே பார்த்தன.

"இது எவ்ளோ?"

"அதுவாண்ணே? உள்ள செம்பு நல்லா தேறும்ணே. ஆறாயிரத்து ஐநூறு குடுங்க."

"நான் செம்புக்கு வாங்கலை. படம் பார்க்க."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சின்ன வயதிலேயே நோய்வாய்ப்பட்டவர்களிடம் பேசுகிற குரலில், "நல்லா இருக்கும்ணே" என்றார். மோட்டாருக்குக் கிடைத்த 1,200 ரூபாயை அங்கேயே கொடுத்து, மீதிக்கு ஏடிஎம் தேடி ஓடினேன்.

குட்டியானையில் ஏற்ற நாலு பேர், இறக்க அதே நாலு பேர். முடிச்சூர் ரோட்டில் மழைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் வண்டி இறங்கி ஏறும்போது பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பிரசவத்துக்கு மனைவியை அழைத்துப் போனபோதுகூட நீங்கள் இவ்வளவு பதறவில்லை என்று வீட்டில் பின்னால் சொல்லப்பட்டது.

வாசலில் நின்ற மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதை எங்க வைப்பீங்க?" சாதாரணக் கேள்வி போலத் தெரியும். மேற்குத் தாம்பரத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் முங்கியபோது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், 29 அங்குல டிவி மூன்றும் ஒரே இரவில் போயின. அன்றிலிருந்து ஒரு சட்டம்: கரண்ட்டில் ஓடும் எதுவும் தரையிலிருந்து நாலடிக்குக் கீழே இருக்கக் கூடாது. மிக்ஸிகூடப் பரண் வாசி. கூரையில் தொங்கவிடலாமே என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கூரையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், "கீழ யாராச்சும் படுப்பாங்களா சார்?" என்று கேட்டார். ஆக, ஹாலோ பிளாக். மனைவியின் சட்டத்துக்கு இரண்டரை அடி குறைவு. மழைக்காலச் செய்தியில் செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஏரியைப் பார்ப்பதில்லை, கற்களைப் பார்க்கிறார்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு நல்ல எல்இடி டிவி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் கறுப்பு என்று ஒன்று இருக்கிறது. இப்போதைய சாதா புரொஜெக்டர்களில் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பைக் காட்டச் சொன்னால் வெளிச்சத்தை மறைக்கப் பார்த்து, சாம்பலைக் காட்டும். டியூபில் அந்தக் கதையே இல்லை. எலெக்ட்ரான் வந்து மோதினால் வெளிச்சம், மோதாவிட்டால் இருட்டு. அமாவாசை ராத்திரிக் காட்சியில் அமாவாசை தெரியும். வெளிச்சம்தான் கம்மி. ஹாலில் சுவிட்ச் போர்டின் சிவப்பு இண்டிகேட்டர் எரிந்தாலே படம் சோகை பிடித்துவிடும். தாம்பரத்தில் இருட்டுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். கரண்ட் போனால் கும்மிருட்டு கிடைக்கிறது, மெஷின்தான் ஓடுவதில்லை.

முதல் நாள் சுலபமாகவே போயிற்று. பழைய டிவிடி பிளேயரின் மஞ்சள் பின்னைச் சொருகினேன், படம் வந்தது. வந்த படத்தை எண்ணிப் பார்க்கலாம். நம் பழைய டிவி முறையில் படம் என்பது 576 கோடுகள். 14 அங்குலப் பெட்டியில் அது கண்ணுக்குத் தெரியாது. நாலரை அடி உயரத் திரையில் ஒவ்வொரு கோடும் இரண்டரை மில்லிமீட்டர் கனம். ஹீரோவின் முகத்தை யாரோ ஜன்னல் பிளைண்டுக்குப் பின்னால் நிற்க வைத்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்குப் பத்தாவது படிக்கும் மகன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

"கீச்சுன்னு கத்துதுப்பா!"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவிக்கும் கேட்கவில்லை. பையன் படிப்பிலிருந்து தப்பிக்க வழி பார்க்கிறான் என்று முடிவு கட்டினோம். போர்ட்டிகோவில் படுத்திருக்கும் தெரு நாயும் எழுந்து போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். வினாடிக்கு 25 படம், படத்துக்கு மொத்தம் 625 கோடு. பெருக்கினால் 15,625. மெஷின் வினாடிக்கு அத்தனை முறை எலெக்ட்ரான் கற்றையை இழுத்து இழுத்து விடுகிறது; அதில் டிரான்ஸ்ஃபார்மர் அதே சுருதியில் பாடுகிறது. 15,625 ஹெர்ட்ஸ் பிள்ளைகளுக்குக் கேட்கும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்காது. என் வயதை டாக்டர் சொல்லியிருக்கிறார், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள், இப்போது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் சொல்லிவிட்டது.

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்கா அப்போது துணி கொடுக்க வந்தார். அவர் வீட்டில் இருப்பது 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி. இன்றும் ஓடுகிறது.

"ஏன் சார், எங்க கவர்மெண்ட் டிவியில மஞ்ச பின்னைச் சொருவுனா படம் வருது. உங்களுதுல வராதா?"

"வரும்."

"அப்புறம் என்ன சார் பிரச்சினை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சமையலறையில் இருந்து ஒருவர் தலையை நீட்டி, அந்தப் பதிலைத் தானும் கேட்க விரும்புவதாகக் காட்டினார். துணியை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

எச்டி செட்டாப் பாக்ஸின் பின்னால் இருப்பது எச்டிஎம்ஐ. அந்த எச்டிஎம்ஐ முறை வெளியானது 2002 டிசம்பரில். என் மெஷின் அதற்குப் பத்து வருஷம் மூத்தது. மஞ்சள் பின் ஓட்டையை விட்டால் அதன் முதுகில் இருப்பவை ஐந்து உருண்டை பிஎன்சி முனைகள்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கோடு எப்போது ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒன்று, படம் எப்போது ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒன்று. இந்தப் பக்கம் ஒரே வாய், அந்தப் பக்கம் ஐந்து காது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தென் சென்னைக்காரனுக்கு இதற்கு முதல் இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய ட்ரங்க் ரோட்டில் லவ் பேர்ட்ஸ், ரோஜாச் செடி, ஒற்றைக் கால் கட்டில், கீபோர்டு எல்லாம் ஒரே விரிப்பில் கிடக்கும். ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் ஐந்து பிஎன்சி உள்ள கேபிள் அங்கே கிடைத்துவிட்டது. கூடவே ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிப் போனேன், வீட்டில் வரவேற்புக்காக.

மொழிபெயர்ப்பாளரைத் தேடி ரிச்சி ஸ்ட்ரீட். தாம்பரத்தில் ஏறிப் பார்க்கில் இறங்கிப் போனேன். எண்ணி ஐந்து நடை.

முதல் நடையில் 350 ரூபாய்க்கு விரல் நீள டப்பா ஒன்று. லேப்டாப்பில் சொருகினால் படம் வந்தது, போயிற்று, வந்தது, போயிற்று. குடும்பக் கட்டுப்பாடு விளம்பரப் பலகையின் சீரியல் லைட் மாதிரி. இரண்டாம் நடையில் கடைப் பையனிடம் என் மெஷினின் போட்டோவைக் காட்டினேன். அவன் உடனே பக்கத்துக் கடைப் பையன்களைக் கூப்பிட்டான். ஏழு பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் இதில் காபி போட வருமா என்று கேட்டான். அப்போது பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சால்டரிங் செய்துகொண்டிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அட, மூணு கண்ணு! இதை நான் ஓட்டல் ஹால்லல்லாம் மாட்டிருக்கேனே. இன்னும் ஒண்ணு உசுரோட இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பட்ட பாட்டைக் கேட்டார்.

"டப்பாவுக்குச் சோறு போட்டீங்களா?"

"சோறா?"

"கரண்ட்டு சார். எச்டிஎம்ஐ முனையில அஞ்சு வோல்ட் வரும். ஆனா 55 மில்லி ஆம்பியர்தான் கேரண்டி. பட்டினியில அது என்னத்தை வேலை பார்க்கும்? பக்கத்துல யூஎஸ்பி ஓட்டை இருக்கு பாருங்க, பழைய போன் சார்ஜரைச் சொருவுங்க."

சொருகினேன். சீரியல் லைட் நின்றது. லேப்டாப் படம் நிலையாக நின்றது. வெற்றிக் களிப்பில் செட்டாப் பாக்ஸை மாட்டினேன். நீலத் திரை. ஒரு வரி எச்சரிக்கை. அப்புறம் அதுவும் இல்லை.

மூன்றாம் நடையில் பெரியவர் விளக்கியதை என்னால் இப்படித்தான் புரிந்துகொள்ள முடிந்தது. இந்தக் காலத்துப் பெட்டிகள் கேபிளைச் சொருகியதும் படத்தை அனுப்பிவிடுவதில்லை. முதலில் ஜாதகம் கேட்கும். எதிரில் இருப்பது என்ன திரை, எந்தக் கம்பெனி, எத்தனை கோடு தாங்கும் என்று 128 பைட் கட்டங்களில் எழுதிய குறிப்பு ஒன்றை ஒவ்வொரு டிவியும் மடியில் கட்டிக்கொண்டிருக்கிறது. என் முக்கண்ணனுக்கு ஜாதகமே எழுதவில்லை. ஐந்து காது இருக்கிறதே தவிர வாய் கிடையாது. சரி, ஜாதகம் இல்லாவிட்டாலும் சுமாரான படம் ஒன்றை அனுப்பி வைக்கலாம் என்று பெட்டி இறங்கி வரும். அடுத்து குலம் கோத்திரம். எச்டிசிபி என்று பேர். படத்தைப் பூட்டித்தான் அனுப்புவார்கள். சாவி உள்ள குடும்பமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, ரகசிய எண்களைச் சரிபார்த்து, அதன்பின்தான் சம்பந்தம். நடுவில் யாராவது படத்தைத் திருடிக் காப்பி எடுத்துவிடக் கூடாதாம். இந்தப் பூட்டின் தாய்ச்சாவியே 2010 செப்டம்பரில் வெளியே வந்துவிட்டது, பூட்டைச் செய்த இன்டெலும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டது. திருட வேண்டியவர்கள் திருடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் சந்தா கட்டிவிட்டு, கட்டிய படத்தை 74 கிலோ எடையில் பார்க்க ஆசைப்பட்ட முடிச்சூர் ரோட்டு சம்சாரி வாசலில் நிற்கிறான். இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அதை யாரிடம் காட்டுவது? டப்பாவிடம் காட்டிப் பார்த்தேன். மனைவி ஹாலுக்கு வந்து, "யார்கூடப் பேசறீங்க?" என்றார்.

1,450 ரூபாய்க்குக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்று, குலம் கோத்திரக் கேள்விக்குச் சரியாகத் தலையாட்டும் என்று பெரியவர் சொன்னது. மாட்டியதும் படம் வந்தது. எல்லாரும் பச்சை. சீரியல் மாமியார், மருமகள், நடுவில் அழுத குழந்தை, பூஜையறைக் குத்துவிளக்கு எல்லாம் பாசி பிடித்த குளத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி. மனைவி, "மாமியாருக்கு மட்டும் இது பொருத்தமாத்தான் இருக்கு" என்றார். பிறகு தன் மாமியார், அதாவது என் அம்மா, பக்கத்தில் இருப்பது தெரிந்து, "சீரியல்ல" என்று சேர்த்துக்கொண்டார். டப்பாவின் அடியில் நகக்கணு அளவு ஒரு சுவிட்ச் இருந்தது. வெளிச்சத்தைத் தனியாகவும் நிற வித்தியாசங்களைத் தனியாகவும் அனுப்புவது ஒரு முறை. மூன்று நிறத்தையும் நேராக அனுப்புவது இன்னொன்று. தள்ளிவிட்டேன். மாமியார் வெளுத்தார்.

சத்தம் வரவில்லை. எச்டிஎம்ஐயில் படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும். முக்கண்ணனுக்கு ஒலி என்றால் என்னவென்றே தெரியாது. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது, அதே வருஷம் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் கழித்து அதே தாம்பரத்தில் நான் குடும்பத்துக்கு ஊமைப்படம் காட்டினேன். டப்பாவின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டையில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைச் சொருக வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்.

மகன் தன் பங்குக்கு ஒரு ஸ்ட்ரீமிங் குச்சியைக் கொண்டுவந்து மாட்டினான். அது வினாடிக்கு 60 முழுப் படம் அனுப்பும் ரகம். 1,125 கோடு, பெருக்கல் 60, மொத்தம் 67,500. முக்கண்ணனின் வயதுக்கு அது தாங்காது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், மூன்று கண்களும் மூடிக்கொண்டன. உள்ளே 30,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற ஜீவன் 'டக்' என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நல்லவேளை, எல்லை தாண்டினால் தானே ஒதுங்கிக்கொள்ளும் புத்தி அதற்கு இருக்கிறது, எனக்கு இல்லாத குணம். செட்டாப் பாக்ஸ் 1080i ஆக அனுப்பினால் கணக்கு வேறு: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த முறை; 1,125 பெருக்கல் 25, வெறும் 28,125. அது முக்கண்ணனுக்கு அல்வா. ஆனால் பெட்டியின் மெனுவில் போய் 1080i என்று மாற்ற வேண்டும். மெனுவைப் பார்க்கப் படம் வேண்டும், கண்களோ இன்னும் மூடியே இருந்தன. படம் வர மெனுவில் மாற்ற வேண்டும்.

எதிர்வீட்டு மாமா வீட்டு டிவிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நிமிடத்தில் கதையில் யாரோ இறந்துவிட்டாராம், அது யார் என்று எனக்குத் தெரியாததால் மாமி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாற்றிக்கொண்டு திரும்பி ஓடிவந்து சொருகி, மூச்சு வாங்க சோபாவில் விழுந்தேன். திரை கறுப்பு. நிஜக் கறுப்பு. பிறகு மெல்ல மூன்று கண்களும் விழித்தன. படம் வருவதற்குள் மகன் சொன்னான்:

"அப்பா, கீச்சு சத்தம் நின்னுடுச்சு."

28,125 ஹெர்ட்ஸ் மனிதக் காதுக்கு அப்பால். எச்டி வந்துவிட்டதை நான் என் கண்ணால் தெரிந்துகொள்ளவில்லை, பையனின் காதால் தெரிந்துகொண்டேன். நாய் மட்டும் திரும்பி வரவில்லை. அதற்கு இன்னமும் கேட்கிறது போலிருக்கிறது.

கோடுகள் மறைந்துவிட்டன. ஆனால் மூன்று மூக்கு மறையவில்லை. கன்வெர்ஜன்ஸ் என்பார்கள்: பச்சையை அசையாமல் வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் அதன்மேல் இம்மி பிசகாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். நடுவில் சேர்த்தால் ஓரத்தில் விலகும், வலது மூலையைப் பிடித்தால் இடது மூலை கோபித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதுவும் மெஷின் அரை மணி நேரம் சூடேறிய பிறகு செய்தால்தான் நிற்கும். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். நாலாம் நாள் மச்சான் வந்து, வாஸ்துப்படி இது தெற்கு பார்க்கக் கூடாது என்றார். சிரித்தேன். பிறகு திரையைக் கிழக்குச் சுவருக்கு மாற்ற நேர்ந்தபோது, சேர்த்து வைத்த நிறமெல்லாம் பிரிந்து போய்விட்டது. பூமியின் காந்தப் புலம் எலெக்ட்ரான் கற்றையைக் கொஞ்சம் வளைக்கும். திசை மாறினால் வளைவும் மாறும். உலகத்திலேயே வாஸ்து நிஜமாக வேலை செய்கிற ஒரே பொருளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மச்சானிடம் இதைச் சொல்லவில்லை.

ஐந்தாம் ராத்திரி. திரையில் கறுப்புப் பின்னணியில் கட்டம் கட்டமாகக் கோடுகள், சோதனைக்கான படம். மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் நின்று பார்த்தார்.

"என்னங்க இது, கோலத்தை இப்படிக் கோணலாப் போட்டு வச்சிருக்கீங்க?"

"கோலம் இல்லை. கன்வெர்ஜன்ஸ் பேட்டர்ன்."

"புள்ளி வச்ச கோலம்தான். பதினேழுக்குப் பதினேழு. அந்த ரிமோட்டைக் குடுங்க."

இருபத்தைந்து மார்கழிகளாக விடியற்காலை வாசலில் குனிந்து சிக்குக் கோலம் போட்ட கை அது. நடுப்புள்ளியில் ஆரம்பித்தார். நான் மூலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. நடுவை முடித்துவிட்டு மேல், கீழ், பிறகு பக்கங்கள், கடைசியில்தான் மூலை. "சிவப்பு ஒரு அரிசி இடது பக்கம். போதும். நீலம் அரை அரிசி மேல." ரிமோட்டின் அம்புக்குறியை மாவு விடுகிற மாதிரி விட்டு விட்டு அழுத்தினார். நாற்பது நிமிடம். கட்டங்கள் எல்லாம் சுத்த வெள்ளையாகிவிட்டன. "இனிமே இதைத் தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க மறந்து போய்ப் படுத்துவிட்டார். நான் அந்த வெள்ளைக் கட்டத்தையே ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இடது மூலையில் அவர் ஒரு சின்ன இடத்தைச் சரிசெய்யாமல் விட்டிருந்தார். தொடவில்லை. கோலத்தில் அவருக்குத் தெரியாத காரணம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவிட்ச் போர்டு இண்டிகேட்டருக்கு ஸ்டிக்கர் பொட்டு. மாமா வந்தார், மாமி வரவில்லை. குரோம்பேட்டை வெற்றி தியேட்டருக்கு ஈடாக இருக்கும் என்று நான் முன்னுரை கொடுத்தேன். அது தேவையில்லாத முன்னுரை. ஆனால் படம், கண்ணே பட்டுவிடும், ராத்திரிக் காட்சியில் மழை பெய்தபோது அம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னார். சமையலறையில் சட்னி அரைத்தபோது மட்டும் மிக்ஸியின் புண்ணியத்தில் வானத்தில் நட்சத்திரம் கூடியது.

பிறகு ஒரு பனிமலைப் பாட்டு. திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையின் நடுவே, கதாநாயகியின் நெற்றிக்கு நேராக, இளஞ்சிவப்பில் மங்கலாக ஆங்கில எழுத்துகள். மகன்தான் எழுத்துக் கூட்டிப் படித்தான்: "டீ பிரேக்."

ஒரே படம் நெடுநேரம் நின்றால் டியூபின் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்துவிடும். என் முக்கண்ணன் முன் ஜென்மத்தில் ஏதோ ஒரு டிரெய்னிங் ஹாலில் இருந்திருக்கிறார். அங்கே நெடுநேரம் திரையில் நின்றது எந்தப் பாடமும் இல்லை, டீ பிரேக் அறிவிப்புதான். பச்சை டியூப் அந்த எழுத்துகளில் தேய்ந்துபோய், வெள்ளை வரும்போதெல்லாம் பச்சை குறைந்து இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கல்யாணம், பனி, ஆஸ்பத்திரி, வெள்ளை வேட்டி அரசியல்வாதி, எங்கே வெள்ளை வந்தாலும் டீ பிரேக். மாமா ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தார். நாலாவது முறை மனைவி டீ போட்டே கொண்டுவந்துவிட்டார்.

செலவு எல்லாம் சேர்த்து 16,554 ரூபாய். வீட்டில் சொல்லியிருப்பது 3,000. பச்சை டியூப் ஒன்று கிடைத்தால் எழுத்து போய்விடும் என்று ரிச்சி ஸ்ட்ரீட் பெரியவர் சொல்கிறார், அவரிடம் இல்லை. பல்லாவரம் சந்தையிலோ வேறு எந்தக் காயலாங்கடையிலோ ஏழு அங்குலப் பச்சை டியூப் உங்கள் கண்ணில் பட்டால், உடைத்துச் செம்பு எடுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவேன். வீட்டுக்குப் போன் மட்டும் செய்ய வேண்டாம். எடுப்பது நானாக இருக்காது.